மரம் கழிக்கும் தொழிலுக்கு வேலை எந்த வழியில் வர வேண்டும்? நோட்டீஸ், கூகுள், நர்சரி, கம்பெனி ஒப்பந்தம்: ஓர் ஒப்பீடு

மாங்காய் அறுப்பு முடிந்து தோப்புகளில் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, தொடங்கும் நாட்களில் எனக்கு வரும் போன்களில் பாதி வேலைக்காக வருபவை அல்ல. இதே தொழிலுக்குள் வர நினைப்பவர்களின் கேள்விகள். இந்த முறை மூன்று பேர் கேட்டார்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி. ஒரு செயின் சா, கயிறு, கூட இரண்டு ஆட்கள். "அண்ணா, கையில இருபதாயிரம் இருக்கு. நோட்டீஸ் அடிக்கவா, கூகுள்ல போடவா?" ஓசூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. இருவரும் பார்த்த வேலையை விட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஒரு தொழிற்சாலை ஆண்டு ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது, எடுக்கலாமா என்று கேட்டார்கள். மூன்றாமவர் அரூர்ப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஓர் அண்ணன். கன்று விற்பதோடு நட்டுப் பராமரிக்கிற வேலையையும் சேர்த்துச் செய்ய நினைக்கிறார். அது நாலு பேருக்குத் தெரிய என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

போனில் நான் சொன்னது அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இந்த நாலு வழியிலும் காசு போட்டுப் பார்த்தவன் என்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வழியில் அதிகம் பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தப்பாகப் போகும். வருகிறவர் என்ன எதிர்பார்த்து வருகிறார் என்பதை அவர் நம்மைக் கண்டுபிடித்த வழிதான் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, ஒரு வேலை கைக்கு வர ஆகும் முழுச் செலவு. விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தோடு கணக்கு முடிவதில்லை. மரத்தைப் பார்த்து விலை சொல்லப் போய்வந்த பெட்ரோல், அதில் போன அரை நாள், பார்த்தும் கிடைக்காமல் போன வேலைகள் எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது, பணம் எப்போது கைக்கு வரும். ஆட்களுக்கு அன்றன்று மாலையோ சனிக்கிழமையோ கூலி கொடுத்தாக வேண்டும். நமக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வரும் என்றால் நடுவில் யார் போடுவது?

மூன்றாவது, தூரம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் ஏறக்குறைய அதே தூரம். வரைபடத்தில் எல்லாம் ஒரே நேர்கோட்டுச் சாலை. ஆனால் டாடா ஏஸில் கழித்த கிளைகளை ஏற்றிக்கொண்டு டோலும் கட்டி வரும்போது, நாலாயிரம் ரூபாய் வேலையில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நான்காவதுதான் முக்கியம். வருகிறவர் என்ன கேட்டு வருகிறார்?

நம் பக்கத்தில் வீட்டு மரம் தொந்தரவு என்றால் மர வியாபாரியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கூலி கேட்க மாட்டார். வேம்போ புளியோ நல்ல பருமனாக இருந்தால் மேலே காசும் கொடுப்பார். அவருக்கு லாபம் விறகிலும் கட்டையிலும் இருக்கிறது. எவ்வளவு அதிகம் வெட்டுகிறாரோ அவ்வளவு நல்லது. நாம் அதற்கு நேர் எதிர். தேவையான இரண்டு கிளையை மட்டும் எடுத்து மரத்தை நிற்க வைப்பதற்குக் கூலி கேட்கிறோம். விலையை மட்டும் பார்த்துக் கூப்பிடுகிறவர், "அவர் காசு குடுத்துட்டு வெட்டிட்டுப் போறாரு, நீங்க காசு கேக்கறீங்களே" என்பார். அவரிடம் நாம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. மரம் வேண்டும் என்று நினைக்கிறவர்களை எந்த வழி நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்ப்பதே வழி.

## நோட்டீஸ், ஃபிளெக்ஸ், ஆட்டோ விளம்பரம்

நான் தொடங்கியது இதில்தான். பேப்பர் போடும் தம்பிகளிடம் விடியற்காலை நாலரை மணிக்குக் கட்டைக் கொடுத்து நாளிதழுக்குள் வைக்கச் சொன்னேன். ஏழு மணிக்கு முதல் போன். "நோட்டீஸ் பாத்தேன். தேங்கா பறிக்க வருவீங்களா?" அன்று வந்த அழைப்புகளில் பாதி தேங்காய்க்கு. இரண்டு பேர் போர்வெல் பைப் எடுக்கக் கேட்டார்கள். ஒருவர் வீடு இடிக்க ஆள் கேட்டார்.

நோட்டீஸில் நான் எழுதியிருந்தது அப்படி. மரம் வெட்டுதல், கிளை கழித்தல், புல்தரை, தோட்டம், உரம், மருந்து தெளித்தல் என்று தெரிந்த எல்லாவற்றையும் போட்டிருந்தேன். எல்லாம் போட்ட நோட்டீஸில் எதுவும் மனதில் நிற்காது என்பது அப்புறம்தான் புரிந்தது. அடுத்த முறை ஒரே விஷயம் எழுதினேன்: "கூரை மேல் சாய்ந்த கிளையை ஓடு உடையாமல் இறக்கித் தருகிறோம். மரம் அப்படியே இருக்கும்." அழைப்புகள் குறைந்தன. வந்தவை எல்லாம் எங்கள் வேலைக்கானவை.

நேரமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் கோடை மழை காற்றோடு அடித்துவிட்டுப் போன மறுநாள் எல்லோரும் தங்கள் வீட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். ஆடிக் காற்றுக்கு முன்பு இன்னொரு முறை. இந்த இரண்டு சமயத்தைத் தவிர மற்ற மாதங்களில் நோட்டீஸுக்குக் கொடுக்கும் காசு காகிதக் கடைக்குத்தான் போகும்.

தேங்காய்க்கு வந்த அழைப்புகளை நான் தட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னை ஏறத் தெரிந்த ஓர் ஆளைக் கூட வைத்துக்கொண்டேன். தேங்காய் இறக்கப் போன வீட்டில் மாடியை உரசும் வேம்பைப் பார்க்கிறோம். வீட்டுக்காரரும் நாம் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அங்கிருந்து வந்த வேலைகள் நல்ல வேலைகள்.

மறைமுகச் செலவு: ஃபிளெக்ஸ் வைப்பதற்கு உள்ளாட்சி அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் வைத்தால் கழற்றிப் போட்டுவிடுவார்கள், அடித்த காசு போச்சு. இன்னொன்றை மனசார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்டாதீர்கள். சாலையோரப் புளிய மரங்களில் மருத்துவமனை, டியூஷன், ரியல் எஸ்டேட் என்று ஆணி அடித்த தகரங்கள் பட்டைக்குள் பாதி புதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற பலகை மரத்தில் ஆணியோடு தொங்கக் கூடாது.

இது யாருக்குச் சரி: ஒரே ஊருக்குள், பத்து கிலோமீட்டர் சுற்றளவில், தொடங்கிய முதல் ஆண்டில் இருப்பவருக்கு. தர்மபுரியில் இலக்கியம்பட்டி, பாரதிபுரம் மாதிரி தனி வீடுகளும் பழைய மரங்களும் சேர்ந்திருக்கும் பகுதிகளுக்கு நேரில் போய்க் கொடுக்கலாம். பேப்பருக்குள் வைப்பதைவிட அது மேல். மாடியை உரசும் கிளை உள்ள வீட்டுக்கு மட்டும் கொடுக்க முடியுமே.

## கூகுள் மேப், வாட்ஸ்அப், ரீல்ஸ்

கூகுளில் தொழிலைப் பதிவு செய்யக் காசு கிடையாது. வீட்டிலிருந்து நடத்துகிறவர் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குப் போவோம் என்பதை மட்டும் காட்டலாம். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வண்டி, கருவிகள், பெயர்ப் பலகை, ஊர்த் தெரு எல்லாம் தெரிகிற மாதிரி ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பெயர்ப் பலகை இல்லாவிட்டால் வண்டியின் பக்கவாட்டில் பெயர் எழுதிக்கொண்டு எடுங்கள்.

பதிவு செய்துவிட்டு விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. வேலை கொண்டுவருபவை படங்களும் விமர்சனங்களும். இதில் நான் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழையபேட்டையில் ஒரு வீடு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வேப்பங்கிளை சாய்ந்திருந்தது. வீட்டு அம்மா "மொட்டை அடிச்சிடுங்க தம்பி, நாலு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார். மொட்டை அடித்த மரம் சும்மா இருக்காது என்று எடுத்துச் சொன்னேன். வெட்டுப்பட்ட இடத்தின் ஓரத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் குச்சிகள் கிளம்பும். அவை மேல்பட்டையில் ஒட்டி வளர்பவை, மரத்துக்குள் வேர்விட்ட மாதிரி பிடிப்பு கிடையாது. இரண்டு மூன்று ஆண்டில் கனமாகி, காற்றுக்கு முறிவது அவைதான். அந்த ஒரு கிளையை மட்டும் எடுத்தோம். முதலில் அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அப்புறம் அதிலிருந்து சற்று வெளியே தள்ளி மேலிருந்து வெட்டு. கயிற்றில் கட்டிய கிளை, பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் சுத்தமாக இறங்கியது. கடைசியாக மிஞ்சிய கட்டையை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி இருக்கும் புடைப்புக்கு வெளியே வெட்டினோம். அந்தப் புடைப்பை விட்டுவைத்தால்தான் காயம் சுற்றிலும் மூடிக்கொண்டு வரும்.

நான் ஏறுவதற்கு முன்பு வாசலில் நின்று ஒரு படம், இறங்கிய பின் அதே இடத்தில் நின்று ஒரு படம், பிறகு அந்த வெட்டை அருகில் ஒரு படம். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது காயத்தைச் சுற்றிப் பட்டை மடிப்பு கட்டியிருந்ததையும் எடுத்தேன். இந்த நான்கு படங்களைக் காட்டிக் கூப்பிட்டவர்கள் யாரும் "மொட்டை" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "அந்த மாதிரி கழிச்சுக் குடுங்க" என்றார்கள்.

ரீல்ஸில் இதற்கு நேர் எதிராக நடந்தது. பெரிய மரம் சடசடவென்று விழும் வீடியோவைப் போட்டால் பார்வைகள் கொட்டும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் வரும், பக்கத்தில் இருக்கும் காவேரிப்பட்டணத்திலிருந்து வராது. உள்ளூரில் வந்த ஒன்றிரண்டும் மரத்தை அடியோடு எடுக்கத்தான். நான் எதைக் காட்டுகிறேனோ அதைத்தான் கேட்கிறார்கள். விழும் வீடியோக்களைப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

விமர்சனத்தை வேலை முடிந்த கையோடு, மரத்தடியில் நிற்கும்போதே கேளுங்கள். எந்த ஊர், என்ன மரம் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவருக்கு அந்த இரண்டு வரி போதும். விமர்சனத்துக்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிப்படி கூடாது. ஓசூர்ப் பக்கம் வேலை எடுப்பவர் விவரத்தை ஆங்கிலத்திலும் போட வேண்டும். அங்கே அடுக்குமாடிகளில் இருக்கிறவர்கள் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்த ஓர் ஆள் கூட இருப்பது எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வசதியில், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் வேலை முடிந்து கிளம்பும் முன் அவர்கள் போனில் நம் எண்ணைப் பெயரோடு பதிய வைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு மூன்று செய்திக்கு மேல் நான் அனுப்புவதில்லை: மாங்காய் முடிந்ததும் கவாத்து, ஆடிக்கு முன் காய்ந்த கிளை பார்ப்பது, மழை பிடித்ததும் கன்று நடுவது.

மறைமுகச் செலவு: போன் எடுப்பது. மரத்தின் மேல் இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது, எடுக்காவிட்டால் அவர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் என் மனைவிதான் எடுப்பார். மூன்று கேள்வி கேட்பார்: என்ன மரம், பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா, வண்டி உள்ளே வருமா. அப்புறம் இரண்டு படம் அனுப்பச் சொல்வார். இந்த மூன்று கேள்வியால் வீணாய்ப் போகும் பயணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. "சும்மா வந்து பாத்துட்டுப் போங்க" என்பவர்களிடம், 15 கிலோமீட்டருக்கு மேல் என்றால் பார்க்க வரும் கட்டணம் உண்டு, வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வோம் என்று சொல்லிவிடுகிறோம். வேலை கொடுக்க நினைப்பவர் அதற்குக் கோபப்படுவதில்லை.

இது யாருக்குச் சரி: எல்லோருக்கும். ஆனால் பலன் தெரிய ஓராண்டு ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டு, பொறுமையாகப் படம் எடுப்பவருக்கு. கிளிக்குக்குக் காசு கொடுக்கும் விளம்பரத்தைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். பத்து நல்ல விமர்சனம் சேர்ந்த பிறகு, ஆடிக்கு முந்தைய மூன்று வாரத்துக்கு மட்டும், உங்கள் தாலுகா எல்லைக்குள் போட்டுப் பாருங்கள்.

காசு கட்டி வாடிக்கையாளர் எண்களை வாங்கும் தளங்களும் இருக்கின்றன. ஒரே எண் நாலைந்து பேருக்குப் போகும், யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு வேலை. மேலே சொன்ன நான்காவது அளவுகோலில் அது அடிபட்டுப் போகிறது.

## நர்சரியும் வாய்ச்சொல்லும்

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று வாங்க வெளி மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். தளி, ஓசூர்ப் பக்கம் அலங்காரச் செடிகளுக்கு வருகிறார்கள். கன்று வாங்க வருகிறவர் காசு செலவு செய்யத் தயாராக, செடி மேல் ஆசையோடு வருகிறவர். இதைவிடச் சரியான ஆளை எந்த விளம்பரமும் கொண்டுவராது.

நர்சரிக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. வாங்கிப் போன கன்று காய்ந்தால் கெட்ட பெயர் அவருக்கு. ஆழமாகக் குழி எடுத்து ஒட்டுப் பகுதியை, அதாவது வேர்ச்செடியோடு நல்ல ரகத்தைச் சேர்த்துக் கட்டிய இடத்தை, மண்ணுக்குள் புதைத்து நட்டுவிடுவார்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிரைக் கிள்ளாமல் விட்டுவிடுவார்கள். நாலு வருஷம் கழித்து, "நீ குடுத்தது இமாம் பசந்த் இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். நாம் போய் நட்டுக் கொடுத்து, முதல் ஆண்டில் மூன்று முறை பார்த்துவிட்டு வந்தால் அந்தச் சண்டை அவருக்கு இல்லை. இப்படிப் பேசித்தான் நான் இரண்டு நர்சரிகளில் என் அட்டையை வைத்தேன். ஒருவர் கமிஷன் கேட்டார், நூற்றுக்கு ஐந்து கொடுக்கிறேன். இன்னொருவர் வேண்டாம் என்றார், அதற்குப் பதில் என் வேலைகளுக்கான கன்று எல்லாம் அவரிடமே வாங்குகிறேன்.

மறைமுகச் செலவு: அவர் விற்கும் செடிக்கு நாமும் பொறுப்பாகிவிடுவோம். கோனோகார்பஸ் நல்ல உதாரணம். வேகமாக வளரும், தண்ணீர் வேண்டாம், மதில் மாதிரி அடர்த்தியாக நிற்கும் என்று வரிசை வரிசையாக விற்றார்கள், நாங்களும் நட்டோம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அதை நடுவதற்குத் தடை போட்டது. நட்டுக் கொடுத்த வீடுகளுக்கு நானே போய்ச் சொன்னேன். பிடுங்கிவிட்டு வேறு வைப்பதற்குக் கூலி வாங்காமல், கன்று விலை மட்டும் வாங்கினேன். நஷ்டம்தான். அந்த வீடுகள் இன்றும் என்னைத்தான் கூப்பிடுகின்றன. அதன் பிறகு, நர்சரியில் எது கிடைத்தாலும் எனக்குத் தெரிந்த புங்கன், மகிழம், பூவரசு, சரக்கொன்றை வகைகளைத்தான் முதலில் சொல்கிறேன்.

வாய்ச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குப்பையை அள்ளிவிட்டு, வாசலைக் கூட்டிவிட்டு வருகிறவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார். இலை தழையை அப்படியே போட்டுவிட்டு வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இது யாருக்குச் சரி: தோட்டம் அமைக்கும் வேலையை முதன்மையாகச் செய்பவருக்கு. பெரிய மரம் ஏறும் வேலையை மட்டும் செய்பவருக்கு நர்சரியால் பலன் குறைவு. புதுக் கன்று வாங்குகிறவர் வீட்டில் கழிக்கிற அளவுக்கு மரம் இருக்காது.

## கம்பெனி, மனைப்பிரிவு, கல்லூரி: ஆண்டு ஒப்பந்தம்

ஓசூர், பர்கூர், சூளகிரி, போச்சம்பள்ளி என்று இந்த மாவட்டத்தில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனைகளால் அவர்கள் மரம் வளர்த்தாக வேண்டும், பசுமையாக வைத்திருந்தாக வேண்டும். மாதா மாதம் நிச்சய வருமானம் என்பதால் எல்லோருக்கும் இதன் மேல் கண். எனக்கும் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய்க்கு இரண்டு ஆட்கள் என்று பேசியிருக்கிறோம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 500, 26 நாள் என்றால் இரண்டு பேருக்கு 26,000. மீதி 4,000-க்குள் புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல், பிளேடு, நீங்கள் போய்ப் பார்த்து வருவது எல்லாம் அடங்க வேண்டும். ஆள் ஒருவர் வராத நாளில் மாற்று ஆள் நீங்கள்தான். மாதம் முடிந்து பில் கொடுத்து 60 நாளில் பணம் என்றால், முதல் ரூபாய் வரும்போது மூன்று மாதக் கூலி, அதாவது 78,000 ரூபாய், உங்கள் கையிலிருந்து போயிருக்கும். வரும் பணத்திலும் வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1% போகும். அதைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் உடனே கைக்கு வராது.

எனக்கு ஒரு கம்பெனியில் ஐந்து மாதப் பணம் நின்றது. அலுவலரிடம் கேட்டால் கணக்குப் பிரிவைக் காட்டுவார், கணக்குப் பிரிவு மீண்டும் அலுவலரைக் காட்டும். அந்த ஐந்து மாதமும் ஆட்களுக்கு நகையை வைத்துத்தான் கூலி கொடுத்தேன். உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்று சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது அப்போது எனக்குத் தெரியாது, என்னிடம் பதிவும் இல்லை. ஆதார், பான் இருந்தால் பதிவு செய்ய ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கம்பெனி வேலைக்கு விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பல கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எண் வாங்கிவிட்டால் வீட்டு வேலைக்கும் 18% போட வேண்டும். கம்பெனி அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். வீட்டுக்காரருக்கு அது நேரடியாக விலை ஏற்றம்தான். 50 லட்சம் வரை வரவு உள்ளவர்களுக்கு 6% கட்டும் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. அதில் வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, கம்பெனிக்கும் கழித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஒரு ஒப்பந்தத்துக்காக ஜிஎஸ்டி எடுத்து, இருபது வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விலை ஏற்றும் நிலை வருமா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதோடு இஎஸ்ஐ, பிஎஃப் காகிதங்களும் கேட்பார்கள்.

மனைப்பிரிவு வேலை இன்னொரு மாதிரி. பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு இடம் விட்டு அதை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மனை விற்கும் வரைக்கும்தான் உரிமையாளருக்கு அங்கே பச்சை தெரிய வேண்டும். கடைசி மனை விற்றதும் உங்கள் வேலையும் முடிந்தது. ஒப்பந்தம் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு, அமைக்கும் செலவைப் பின்னால் வரும் பராமரிப்புப் பணத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். புல்தரைக்கும் கன்றுக்கும் ஆன பணத்தை முன்னமே வாங்கிவிடுங்கள்.

கல்லூரி, பள்ளிகளில் பணம் மெதுவாக வரும், ஆனால் வரும். கோடை விடுமுறையில் மொத்தமாகக் கழித்துக் கொடுக்கும் வேலையாக எடுத்தால் நல்லது.

இது யாருக்குச் சரி: மூன்று மாதக் கூலியைக் கையில் வைத்திருப்பவருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு வேலை படுத்துவிடும்போது ஆட்களைக் கலையாமல் வைத்திருக்க ஓர் ஒப்பந்தம் உதவும். ஒன்று போதும், மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல்.

## ஒரே பார்வையில்

| | நோட்டீஸ், ஃபிளெக்ஸ் | கூகுள், வாட்ஸ்அப் | நர்சரி, வாய்ச்சொல் | ஆண்டு ஒப்பந்தம் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | சில ஆயிரம், ஒவ்வொரு முறையும் | பணம் இல்லை, நேரம் அதிகம் | கமிஷன், வேலை கிடைத்த பின் | மூன்று மாதக் கூலி |
| பணம் வருவது | வேலை முடிந்ததும் | வேலை முடிந்ததும் | பாதி முன்பணம், மீதி முடிந்ததும் | 45 நாள் முதல் பல மாதம் |
| தூரம் | உங்கள் கையில் | கட்டுப்படுத்தாவிட்டால் அலையவிடும் | நர்சரியைச் சுற்றி | ஒரே இடம், தினமும் |
| வருகிறவர் கேட்பது | "எவ்வளவு குறைப்பீங்க?" | படத்தில் பார்த்த வேலை | "நீங்களே சொல்லுங்க" | காகிதம், ஆள் கணக்கு |
| பலன் தெரிய | ஒரு வாரம் | ஓராண்டு | ஆறேழு மாதம் | கையெழுத்தான நாள் முதல் |

## எந்த வழியில் வந்தாலும்

அழைப்பு எப்படி வந்தாலும் சிலவற்றுக்கு முடியாது என்று சொல்லியாக வேண்டும். சந்தனம், ஈட்டி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடுவதில்லை. வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் நிற்கும் மரம் வீட்டுக்காரருடையது இல்லை. அதற்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போக வேண்டியிருக்கும். கம்பி உரசும் மரத்தில், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏறுவதில்லை. மாமரம் பூவெடுக்கும் மார்கழி, தையில் கவாத்து கேட்டாலும் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

ஆட்களுக்குக் காப்பீடு. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். உயிரிழப்புக்கு 2 லட்சம். மரம் ஏறுகிறவருக்கு இது போதாது, மேலே தனியாக ஒரு விபத்துக் காப்பீடும் வேண்டும். ஆனாலும் இந்த 20 ரூபாயைக் கூடக் கட்டாமல் ஆளை மேலே ஏற்றுகிறவர்களை நான் பார்க்கிறேன். விளம்பரத்துக்கு எடுத்து வைக்கும் பணத்தில் முதல் பங்கு கயிறு, ஹெல்மெட், இடுப்புப் பட்டைக்கும் இந்தக் காப்பீட்டுக்கும்தான்.

## கேட்ட மூன்று பேருக்கு

பாலக்கோட்டுத் தம்பிக்கு: இருபதாயிரத்தில் பத்தாயிரத்தைக் கயிறுக்கும் காப்பீட்டுக்கும் எடுத்து வை. மூவாயிரத்தில் வண்டியில் பெயர் எழுது. கூகுள் பதிவை இந்த வாரமே முடித்துவிடு. நோட்டீஸ் ஐந்நூறு மட்டும் அடி, ஒரே ஒரு வேலையை எழுது, அடுத்த காற்று மழைக்கு மறுநாள் நீயே வீடு வீடாகப் போய்க் கொடு. மீதிப் பணத்தைத் தொடாதே. முதல் மாதம் வேலை வராவிட்டாலும் ஆட்களுக்குக் கூலி அதில்தான்.

ஓசூர்த் தம்பதிக்கு: ஒப்பந்தத்தை உடனே கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு கேள்வி கேளுங்கள். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் தருவார்களா? முதல் மாதத் தொகையை முன்பணமாகத் தருவார்களா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால், முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், ஓசூரில் உங்களுக்குப் பத்து நிமிட தூரத்தில் இருக்கும் அடுக்குமாடிகளிலேயே வேலை இருக்கிறது. பால்கனித் தோட்டம் ஒன்று செய்து படம் போடுங்கள், குடியிருப்போர் சங்கத்துக் குழுவில் அவர்களே பகிர்ந்துகொள்வார்கள்.

அரூர் அண்ணனுக்கு: உங்களுக்கு விளம்பரமே தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கன்று வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பில் போடும்போது, "நட்டுக் குடுக்கணுமா?" என்று கேளுங்கள். குழிக்கு இவ்வளவு, மூன்று முறை வந்து பார்க்க இவ்வளவு என்று விலையை எழுதி, கன்று வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கல் தூணில் மாட்டி வையுங்கள். புரட்டாசி மழைக்கு நடுகிறவர்கள் ஆவணியிலேயே கன்று பார்க்க வந்துவிடுவார்கள், அதற்குள் பலகை தயாராகட்டும். குழி எடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், மொரப்பூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.